ஊக்கம் குறைந்தது மாணவரிடமா, படிப்பின் அமைப்பிலா? இணையவழிக் கற்றல் ஆய்வு ஒன்றை முன்வைத்து

பதிவு 1 | ஆய்வு மாணவி

இணையவழிப் படிப்புகளைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் ஒரு வாக்கியம் அலுக்காமல் திரும்ப வருகிறது: "ஊக்கம் உள்ளவர்கள் படித்து முடிப்பார்கள், இல்லாதவர்கள் நின்றுவிடுவார்கள்." இதில் ஊக்கம் என்பது கண்ணின் நிறத்தைப் போலவோ உயரத்தைப் போலவோ மாணவர் தம்முடன் கொண்டுவரும் ஒன்று என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்திய ஓர் ஆய்வைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஹார்ட்நெட், வேறு இருவருடன் இணைந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆசிரியப் பணிக்குப் பயிற்சி பெற்றுவந்த மாணவர்கள் இருவேறு இணையவழித் தொலைநிலைச் சூழல்களில் எப்படிப் படித்தார்கள் என்பதை அது ஆராய்கிறது. அதற்கு முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் இரு பாதைகளில் சென்றன. ஒரு சாரார் ஊக்கத்தை மாறாத தனிமனிதப் பண்பாகக் கொண்டு, இணையத்தில் படிக்க வருபவர்கள் பொதுவாகவே உள்ளார்ந்த ஆர்வம் மிக்கவர்கள் என்று கூறினர். மறு சாரார் பாடத்தை நன்றாக வடிவமைத்துவிட்டால் ஊக்கம் தானே வரும் என்றனர். ஹார்ட்நெட் குழுவினர் இரண்டையும் ஏற்கவில்லை. அவர்கள் கண்ட மாணவர்கள் முதன்மையாக அகவூக்கத்தால், அதாவது உள்ளிருந்து எழும் ஆர்வத்தால், இயங்கியவர்களும் அல்லர், ஊக்கமற்றவர்களும் அல்லர். அவர்களுடைய ஊக்கம் பல இழைகள் பின்னியதாகவும், சூழல் மாறும்போது தானும் மாறுவதாகவும் இருந்தது.

என் கேள்வி இதுதான்: ஊக்கம் மாணவருக்கும் படிப்புக்கும் இடையில் உருவாகி இடையிலேயே அழிவது என்றால், பாதியில் நின்றவரைப் பார்த்து "உனக்கு ஆர்வம் போதவில்லை" என்று சொல்ல நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது?

பதிவு 2 | ஓய்வுபெற்ற கணக்காசிரியர்

ஆய்வு மாணவிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் என் ஐயத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2012-இல் தன் முதல் திறந்தநிலை (யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய) இணையப் படிப்பாக மின்சுற்றுகள் பற்றிய பாடத்தை நடத்தியபோது 1,54,763 பேர் பதிவு செய்தார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். அத்தனை பேருக்கும் அதே காணொளி, அதே வினாக்கள், அதே கடைசித் தேதி. படிப்பின் அமைப்பு மாறவே இல்லை, முடிவு மட்டும் மாறியது. அமைப்பு ஒன்றாக இருந்து விளைவு வேறாக இருந்தால், வேறுபாடு ஆளிடம் இருக்கிறது என்று கருதுவதுதான் முறை. கணக்கில் மாறிலியைக் காரணமாகக் காட்ட முடியாது.

கூடம் கோணலாக இருக்கிறது என்று ஆடத் தெரியாதவர் எல்லோரும் சொல்லத் தொடங்கினால், ஆடப் பழகுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். நான் கடுமையாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். முயற்சியின் பங்கை மாணவரிடமிருந்து பிடுங்கிவிடுவதும் அவருக்குச் செய்யும் அவமதிப்புதான் என்பது என் கருத்து.

பதிவு 3 | எண்ணிப் பார்ப்பவர்

ஐயா, நீங்கள் தந்த எண்கள் சரியானவை. ஆனால் வகுக்கும் எண்ணை ஒரு கணம் பாருங்கள். "பதிவு செய்தவர்" என்பதில் யார் யார் அடக்கம்?

எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய இரண்டின் திறந்தநிலைப் படிப்புகளில் 2012 முதல் 2018 வரை சேர்ந்த தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 56 லட்சம் பேர் செய்த ஒன்றேகால் கோடிக்கும் அதிகமான பதிவுகள் அதில் இருந்தன. பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடப்பகுதிக்குள் ஒருமுறைகூட நுழையவே இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டுப் போனவரை "ஊக்கம் இழந்தவர்" என்று எண்ணுவது, கடைக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சென்றவரை நட்டக்கணக்கில் எழுதுவதற்குச் சமம். 2017-18 ஆண்டில் எல்லாப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. கட்டணம் செலுத்திச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் அதே ஆண்டில் 46 விழுக்காடு.

இந்த 46-ஐக் காட்டி, "பணம் கட்ட வைத்தால் ஊக்கம் வரும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் பிழை. முடிக்கும் எண்ணம் ஏற்கெனவே உள்ளவர்தான் பணம் கட்டுகிறார். கட்டணம் ஊக்கத்தை உண்டாக்கியதா, ஊக்கம் உள்ளவரைப் பிரித்துக் காட்டியதா என்பதை அந்த எண் சொல்லாது.

ஸ்டான்ஃபோர்டு நடத்திய மூன்று கணினி அறிவியல் படிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வந்த இன்னொரு கட்டுரை, சேர்ந்தவர்களை நான்கு வகையாகப் பிரித்தது: முடிப்பவர்கள், பயிற்சிகளைச் செய்யாமல் காணொளிகளை மட்டும் தொடர்ந்து பார்ப்பவர்கள், நன்றாகத் தொடங்கிப் பின்னர் விலகுபவர்கள், ஓரிரு பாடங்களைச் சுவைத்துவிட்டுச் செல்பவர்கள். தமக்குத் தேவையான ஒரே ஒரு செய்தி ஒருவருக்கு ஏழாம் காணொளியில் கிடைத்துவிட்டது என்றால், அவர் எட்டாவதைப் பார்க்காதது தோல்வியா? நம் விவாதம் மூன்றாம் வகையினரைப் பற்றியது மட்டும்தான். அவர்களைப் பற்றிய எண், மொத்தத்துக்குள் கரைந்து கிடக்கிறது.

பதிவு 4 | பாதியில் விட்டவன்

அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவன் நான். என் கதையைச் சொல்வதால் யாருடைய கோட்பாடும் மெய்ப்பிக்கப்படாது என்று தெரியும். இருந்தாலும், மூன்றாம் வாரத்தில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறிவதில்லை.

புள்ளியியல் பற்றிய ஓர் அறிமுகப் படிப்பு. என் வேலைக்கு அது தேவைப்பட்டது, கட்டாயப்படுத்தியவர் எவரும் இல்லை. முதல் இரண்டு வாரங்கள் இரவு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். குறிப்பேட்டில் இரண்டு வண்ணப் பேனாவால் எழுதும் அளவுக்கு உற்சாகம். மூன்றாம் வாரத் தேர்வில் நான்காம் வினாவுக்கு நான் இட்ட விடையைத் திரை ஏற்கவில்லை. "தவறு. மீண்டும் முயல்க." அவ்வளவுதான். எங்கே தவறு, வழிமுறையிலா கணக்கீட்டிலா என்று ஒரு சொல் இல்லை. கையால் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதே விடை வந்தது. மூன்று வாய்ப்புகளும் முடிந்ததும் கட்டம் சாம்பல் நிறமாகி, எழுத முடியாதபடி உறைந்துவிட்டது.

கேள்வி-பதில் பகுதியில் என் ஐயத்தை எழுதினேன். நான்கு நாள் கழித்து ஒரு பதில் வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. ஆவலோடு திறந்தேன். "எனக்கும் இதே சந்தேகம்" என்று இன்னொரு மாணவர் எழுதியிருந்தார்.

அதன் பிறகு படிப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சாம்பல் கட்டம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பிறகு, "நீங்கள் இரண்டு வாரம் பின்தங்கியுள்ளீர்கள்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு மின்னஞ்சல். அதைப் படித்த அன்று நான் வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. அடுத்த மின்னஞ்சலைப் படிக்காமலே நீக்கினேன். அதற்கடுத்து வந்தவை எல்லாம் தேவையற்ற அஞ்சல் பெட்டிக்குள் தாமாகவே போகும்படி செய்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பாடத்தை வேறு ஒரு தளத்தில், நண்பர்கள் மூவருடன் சேர்ந்து படித்து முடித்தேன். இடையில் என் குணம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை.

பதிவு 5 | ஆய்வு மாணவி

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஹார்ட்நெட் தம் ஆய்வுக்கு அடித்தளமாகக் கொண்ட கோட்பாட்டை இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் இயலாது.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு 1985-இல் முழு நூல் வடிவம் பெற்றது. மனிதருக்கு மூன்று உளத்தேவைகள் உண்டு என்பது அதன் மையம். நான் செய்வது என் விருப்பத்தோடு செய்வது என்ற தன்னாட்சி உணர்வு. இதை என்னால் செய்ய முடியும் என்ற திறனுணர்வு. என்னைப் பொருட்படுத்தும் மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற பிணைப்புணர்வு. நான்காம் வினா உங்கள் திறனுணர்வை அடித்தது. நான்கு நாள் மௌனம் பிணைப்புணர்வை அடித்தது. சிவப்பு மின்னஞ்சலோ, நீங்களாகத் தேர்ந்துகொண்ட ஒன்றைக் கடன் தவணை போல மாற்றித் தன்னாட்சியைப் பறித்தது. மூன்று அடிகளும் மூன்று வார எல்லைக்குள் விழுந்தன.

கணக்காசிரியர் ஐயா, "அமைப்பு மாறிலி" என்ற உங்கள் வாதத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது என்று எண்ணுகிறேன். அந்த வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் அருகில் கேட்டுத் தெளிய ஒருவர் இருந்தவருக்கும், இரவில் தனியாக அமர்ந்திருந்தவருக்கும் அது ஒரே வினாத்தாள் அன்று. எழுத்து மாறாமல் இருக்கிறது, சந்திப்பு மாறுகிறது. ஆய்வாளர்கள் சூழல் என்று குறிப்பிடுவது அந்தச் சந்திப்பைத்தான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இது பொதுப்பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஆர்வத்தால் படிப்பது உயர்ந்தது, தேவைக்காகப் படிப்பது தாழ்ந்தது என்ற இருமை இந்தக் கோட்பாட்டில் இல்லை. புறவூக்கத்துக்குள்ளேயே, அதாவது செயலின் சுவைக்காக அல்லாமல் வேறு பயனுக்காகச் செய்வதற்குள்ளேயே, படிநிலைகள் இருக்கின்றன. தண்டனைக்கு அஞ்சிச் செய்வது ஒன்று. செய்யாவிட்டால் எனக்கே என் மேல் வெட்கம் வரும் என்று செய்வது அடுத்தது. இது சுவையாக இல்லை, ஆனாலும் என் வாழ்க்கைக்கு வேண்டியது என்று மனமாரச் செய்வது அதற்கும் அடுத்தது. பாதியில் விட்ட நண்பரே, நீங்கள் மூன்றாவது நிலையில் தொடங்கி இரண்டாவதுக்கு இறங்கி, அங்கிருந்து வெளியேறியிருக்கிறீர்கள். ஊக்கத்தின் அளவைவிட அதன் வகை மாறியதுதான் முதலில் நடந்தது.

ஹார்ட்நெட் 2015-இல் எழுதிய தொடர் கட்டுரை, இந்த மூன்று உணர்வுகளையும் எவை குலைக்கின்றன என்பதையே பொருளாகக் கொண்டது. மிகுந்த பணிச்சுமை, மதிப்பெண் சார்ந்த அழுத்தம், "இந்தப் பயிற்சியால் எனக்கு என்ன?" என்ற பொருத்தமின்மை ஆகியவை அதில் பேசப்படுகின்றன. ஒன்றுகூட மாணவரின் குணக்குறையாகப் பட்டியலிடத்தக்கது அன்று.

பதிவு 6 | செயலி வடிவமைப்பாளர்

கற்றல் செயலிகளை வடிவமைக்கும் தொழிலில் இருக்கிறேன். இந்த இழையில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் வாக்குமூலமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் "ஊக்கம்" என்று சொன்னால் அதற்குப் பொருள் பதக்கம், புள்ளி, தரவரிசைப் பலகை, நாள்தவறா வருகைக் கணக்கு ஆகியவைதான். நான் பணியாற்றிய ஒரு செயலியில், ஒரு நாள் தவறினால் அதுவரை சேர்ந்த நாள்கணக்கு முழுவதும் சுழியத்துக்குத் திரும்பும். பயனர்களைப் பேட்டி காணும்போது ஒருவர் தம் திரையைக் காட்டி விளக்கினார். இரவு பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, உள்ளதிலேயே எளிய, ஏற்கெனவே முடித்த பாடத்தைத் திறந்து, படிக்காமலே விடைகளை அழுத்தி, நாள்கணக்கைக் காப்பாற்றிவிட்டுத் தூங்கப் போவாராம். "நூறு நாள் ஆகிவிட்டது, இப்போது விட மனம் வரவில்லை" என்றார். எங்கள் அறிக்கையில் அவர் மிகச்சிறந்த பயனர்.

இதன் வேர் பழையது. 1973-இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பொன் முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. சில நாள் கழித்துக் குழந்தைகளைத் தம் விருப்பப்படி விளையாட விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. கெடுத்தது பரிசு அன்று, பேரம்.

ஆனாலும் "பரிசே கூடாது" என்று முழங்க நான் தயாராக இல்லை. இந்தத் துறையில் நீண்ட சண்டை ஒன்று நடந்தது. கேமரனும் பியர்சும் 1994-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, பரிசுகளால் பொதுவாகக் கேடு இல்லை என்றார்கள். டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசுகள் அகவூக்கத்தைக் குறைக்கின்றன என்றும், செய்த செயலைப் பற்றிய நேர்மையான பாராட்டுச் சொற்கள் அதை வளர்க்கின்றன என்றும் காட்டினார்கள். நான் பின்னவர்கள் பக்கம். ஆனால் ஒரு திருத்தம்: ஆர்வமே இல்லாத இடத்தில் குறைவதற்கு எதுவும் இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யும் குழந்தைக்கு ஒரு நட்சத்திரம் கொடுப்பதால் வானம் இடிந்துவிடாது.

பதிவு 7 | ஓய்வுபெற்ற கணக்காசிரியர்

பாதியில் விட்ட தம்பியின் பதிவு என்னைச் சற்று அமைதியாக்கியது. நான்கு நாள் கழித்து வந்த அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. வகுப்பில் அப்படி ஒரு முகத்தைக் கண்டால், கரும்பலகையை விட்டு இறங்கிச் சென்றிருப்பேன்.

"சந்திப்பு மாறுகிறது" என்ற விளக்கத்தைப் பாதி ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு என் வாதம் நிற்கிறது. தன் கற்றலைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் என்று ஒன்று உண்டு. கல்வி உளவியலாளர் பேரி சிம்மர்மன் அதை மூன்று கட்டமாக விளக்கினார்: தொடங்கும் முன் இலக்கும் திட்டமும் வகுத்தல், செய்யும்போது தன்னைக் கவனித்தல், முடித்தபின் திரும்பிப் பார்த்து அடுத்த முறைக்குத் திருத்துதல். வகுப்பறையில் மணி அடிப்பதும் ஆசிரியர் நுழைவதும் இதில் பெரும்பகுதியை மாணவருக்காகச் செய்து கொடுத்துவிடுகின்றன. இணையத்தில் மணியும் இல்லை, நானும் இல்லை. எனவே இந்தத் திறன் உள்ளவர் நிலைப்பார், இல்லாதவர் தடுமாறுவார். அதைப் பிறவிக்குணம் என்று நான் சொல்லவில்லை. கற்பிக்கத்தக்க திறன் என்று வைத்துக்கொள்வோம். திட்டமிடக் கற்றுக்கொடுத்தால் பாதி நோய் தீராதா?

பதிவு 8 | எண்ணிப் பார்ப்பவர்

தீரும் என்றுதான் ஆய்வாளர்களும் எண்ணினார்கள், ஐயா. ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றின் ஏறத்தாழ 250 இணையப் படிப்புகளில், இரண்டரை லட்சம் மாணவர்களிடம், இரண்டரை ஆண்டுகள் இதைச் சோதித்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிப்பின் தொடக்கத்தில் "எப்போது, எங்கே, எப்படிப் படிக்கப் போகிறீர்கள்?" என்று எழுதச் சொல்வது அவர்கள் சோதித்தவற்றுள் ஒன்று. சிறிய அளவில் நடந்த முந்தைய ஆய்வுகளில் நல்ல பலன் தந்த உத்தி அது.

முதல் சில வாரங்களில் ஈடுபாடு கூடியது. இறுதியில் முடித்தவர்களின் விகிதம் கூடவில்லை. கிடைத்த சிறு பலன்களும் மாணவருக்கு மாணவர், படிப்புக்குப் படிப்பு, நாட்டுக்கு நாடு மாறின. எந்த உத்தி யாருக்கு எங்கே பலன் தரும் என்பதை நவீனக் கணிப்பு முறைகளைக் கொண்டும் போதுமான அளவு முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. இலேசான ஒரு தூண்டுதல் போதாது என்பதே கட்டுரையாளர்கள் வந்து சேர்ந்த இடம்.

இது உங்கள் வாதத்தை முறியடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் ஒருமுறை திட்டம் எழுதச் சொல்வது வேறு, திட்டமிடும் பழக்கத்தை ஊட்டுவது வேறு. ஆனால் மூன்றாம் வாரத்தில் ஒரு சாம்பல் கட்டம் காத்திருக்கும்போது, முதல் நாள் எழுதிய கால அட்டவணை யாரைக் காப்பாற்றும்?

பதிவு 9 | பள்ளி ஆசிரியை

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் தாமாகத் தேர்ந்து படிக்க வந்தவர்களைப் பற்றிப் பேசினீர்கள். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் நூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ தெரிவித்தது. அவர்களில் பலர் விரும்பித் திரைக்கு முன் அமரவில்லை, தள்ளப்பட்டார்கள். அவர்களிடம் தன்னாட்சி என்ற சொல்லை எப்படிப் பொருத்துவது என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

என் அனுபவத்தில் ஒன்று. முப்பத்தெட்டுக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கேமராவைத் திறக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. வீட்டின் நிலையைக் காட்ட விரும்பாத குழந்தைகள் இருப்பார்கள் என்பது காரணம். அதற்குப் பதிலாக, வகுப்பு முடியும்போது "இன்று எது புரியவில்லை?" என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரு மாணவன் நாள்தோறும் தவறாமல் "எல்லாம் புரிந்தது" என்று அனுப்பினான். வருகை முழுமையாக இருந்தது, ஒப்படைப்புகளும் நேரத்துக்கு வந்தன. அவனைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. ஒரு நாள் அந்த வரிக்குப் பதிலாக இப்படி வந்தது: "மிஸ், நீங்கள் என் பெயரைச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது."

நான் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பெயர் கூப்பிட்டுத்தான் வருகை எடுப்பேன் என்று நினைத்திருந்தேன். செயலி தானாகவே பதிவு செய்யத் தொடங்கியபின், நேரம் மிச்சமாகிறது என்று நானே அதை நிறுத்தியிருக்கிறேன். அடுத்த நாளிலிருந்து மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தை வீண் என்று சொன்ன மேலதிகாரியிடம் வாதாடவும் வேண்டியிருந்தது.

பதிவு 10 | ஆய்வு மாணவி

ஆசிரியை அவர்களே, தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் எழுபதுகளிலிருந்து சொல்லிவருவது இதைத்தான். தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது கிலோமீட்டர் அன்று. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் உரையாடல் குறைந்து, பாடத்தின் கட்டமைப்பு இறுகும்போது கூடுகின்ற உளவியல் இடைவெளி. அவருடைய கணக்குப்படி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரும் வெகு தொலைவில் இருக்கலாம். கடிதம் எழுதிப் படித்தவர் மிக அருகில் இருந்திருக்கலாம். செயலி வருகை எடுக்கத் தொடங்கிய நாளில் உங்கள் வகுப்பின் தொலைவு கூடியது.

தன்னாட்சி பற்றிய உங்கள் ஐயத்துக்கு ஒரு சிறு விளக்கம்: இந்தக் கோட்பாட்டில் தன்னாட்சி என்பது இஷ்டம்போல் இருப்பது என்று பொருள்படாது. கட்டாயப் பாடத்திலும், ஏன் இதைச் செய்கிறோம் என்று காரணம் சொல்வது, செய்யும் முறையில் ஓரிரு தெரிவுகள் தருவது, "இது அலுப்பாக இருக்கிறது" என்று மாணவர் சொன்னால் அதை மறுக்காமல் ஏற்பது ஆகியவை தன்னாட்சியைத் தாங்கும். கேமராவை வற்புறுத்தாமல் நீங்கள் செய்தது அதுவே.

நான் முன்வைத்த ஆய்வின் எல்லையையும் நானே சொல்லிவிட வேண்டும். இரண்டே சூழல்கள், அதுவும் ஆசிரியப் பயிற்சி மாணவர்கள். படிக்கும் கலையைப் பற்றியே படிப்பவர்கள். அவர்களிடம் கண்டதை எல்லோர் மேலும் அப்படியே ஏற்றக் கூடாது. கேள்வித்தாளில் தம் ஊக்கத்தைத் தாமே மதிப்பிடுபவர்கள் அன்றைய மனநிலையையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள் என்ற சிக்கலும் இந்தத் துறை முழுவதற்கும் உண்டு. மறுபுறம், சொடுக்குகளை எண்ணும் ஆய்வுகளுக்கு வேறொரு குருட்டுத்தன்மை இருக்கிறது: காணொளியை நிறுத்தியவர் சலித்து நிறுத்தினாரா, குறிப்பெடுக்க நிறுத்தினாரா என்பது சொடுக்குக்குத் தெரியாது.

பதிவு 11 | செயலி வடிவமைப்பாளர்

அந்தக் குருட்டுத்தன்மைக்கு எங்கள் அலுவலகமே சாட்சி. இணையப் படிப்புகளின் காணொளிகளை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வந்த கட்டுரை, எவ்வளவு நீளமான காணொளியாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (மீடியன்) ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. நல்ல ஆய்வு. ஆனால் அன்று முதல் "ஆறு நிமிடம்" ஒரு வேதமாகிவிட்டது. பதினெட்டு நிமிடம் தேவைப்பட்ட ஒரு கணித நிரூபண விளக்கத்தை மூன்றாக வெட்டச் சொன்னார்கள். இரண்டாம் துண்டு, "எனவே" என்ற சொல்லோடு தொடங்கியது. எதற்கு எனவே என்று அதை மட்டும் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஆய்வு அளந்தது பார்த்த நேரத்தை, கற்றதை அன்று. கட்டுரை எழுதியவர்கள் அதை மறைக்கவும் இல்லை.

பதிவு 12 | ஓய்வுபெற்ற கணக்காசிரியர்

அண்மைக் காலமாக ஓர் இணையக் குழுவுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இந்த இழையைப் படித்தபின் என் வினாத்தாள்களைத் திறந்து பார்த்தேன். தானியங்கியாகத் திருத்தும் வினாக்களில், தவறான விடைக்கு நானும் "தவறு" என்ற ஒற்றைச் சொல்லையே வைத்திருந்தேன். ஒவ்வொரு வினாவுக்கும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு மூன்று பிழைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இருபது வினாவுக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று. முயற்சி மாணவருடையது என்ற என் கருத்து மாறவில்லை. எதன் மேல் முயல்வது என்று காட்டவேண்டிய பொறுப்பு என்னுடையது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பாதியில் விட்ட தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த நான்காம் வினாவில் உண்மையில் என்னதான் பிழை? ஆசிரியப் புத்தி, தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.

பதிவு 13 | பாதியில் விட்டவன்

ஐயா, இரண்டு ஆண்டு கழித்து நண்பர்களோடு படித்தபோது பழைய குறிப்பேட்டை எடுத்து அவர்களிடம் காட்டினேன். ஒருவர் பார்த்த உடனே சிரித்துவிட்டார். கணக்கில் பிழையே இல்லை. நான் .05 என்று இட்டிருந்தேன். புள்ளிக்கு முன்னால் ஒரு சுழியம் இருந்தால்தான் அந்தக் கட்டம் ஏற்கும்.